முப்பத்தோராவது மேடு

விழுந்துகொண்டே இருக்கிற இலையைக் கூட்டுகிறவரைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எங்கள் தோட்டத்தில் அந்தச் சிரிப்பு வருசத்துக்கு நாற்பது நாள் நடந்தது. நானும் சிரித்தவன்தான். அக்காவைப் பற்றிப் பெருமையாக எழுத உட்காரும்போது முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

அக்கா என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. லயம் என்கிற வரிசை வீட்டில் எங்களுக்கு அடுத்த அறையில், அதாவது காம்பிராவில், இருந்தவர். நெட்டையான, ஒல்லியான உடம்பு. என்னைப் போலவே ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிற வேலை.

இலங்கை மலைநாட்டில், மாத்தளையிலிருந்து இரத்தோட்டை போகும் பாதையை விட்டு மேலே ஏறினால் எங்கள் தோட்டம். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் எங்கள் மலைக்கு மாசி மாதத்தில் வந்தால் பயந்துவிடுவார்கள். "என்னங்கடா, மரமெல்லாம் செத்துப் போச்சு?" என்பார்கள். ரப்பர் மரம் அப்படித்தான். பொங்கல் கழிந்ததும் இலை மஞ்சளாகும். பிறகு செம்பு நிறமாகும். பிறகு ஒரு காற்றுக்குப் பாதி மரம் கொட்டும். மாசியில் மலை முழுக்க வெறும் குச்சி. பாலும் வற்றிவிடும். பால் வெட்டை நிறுத்தி எங்களைப் புல்லு வெட்டவும், மழைத்தண்ணி ஓடுகிற கான் வெட்டவும் அனுப்புவார்கள். பங்குனி பிறந்தால் கிளை நுனியெல்லாம் சிவப்புத் தளிர். பிள்ளையின் காதுமடல் மாதிரி, வெயிலில் பிடித்தால் மறுபக்கம் தெரியும். ஈஸ்டர் வரும்போது தரையில் வெயில் விழாது, அவ்வளவு பச்சை. ஈஸ்டருக்கு முன் நாங்கள் உபவாசம் இருந்து ஜெபிக்கிற லெந்து நாட்களும், மரங்கள் வெறுமையாக நிற்கிற நாட்களும் ஒன்றாகவே வரும். ஆண்டவர் எங்கள் மலைக்கென்று அப்படி ஒழுங்கு செய்து வைத்திருக்கிறார் என்பது என் நம்பிக்கை.

நான்காம் மலையின் அடிவாரத்தில் எங்கள் கல்லறைத் தோட்டம். பேர்தான் கல்லறை, கல் ஒன்றும் கிடையாது. வெறும் மண்மேடுகள். கட்டையில் சிலுவை செய்து நட்டால் அடுத்த மழைக்குள் கறையான் தின்று தீர்த்துவிடும். நாலு பக்கமும் ரப்பர் மரம் நிற்பதால் இலை கொட்டத் தொடங்கினால் மேடு எது, பள்ளம் எது என்று தெரியாமல் முழங்காலுக்குச் சருகு கிடக்கும்.

லெந்து தொடங்கும் புதன்கிழமை, வேலை விட்டு வந்ததும், தேத்தண்ணி கூடக் குடிக்காமல் அக்கா வெளக்குமாற்றோடு அங்கே இறங்குவார். பொழுது சாயும்வரை கூட்டுவார். மறுநாள் போனால் முந்தின நாள் கூட்டின அடையாளமே இருக்காது. மறுபடியும் கூட்டுவார். நாற்பது நாளும் இதுதான். தோட்டத்தில் அவருக்கு எலைக்கூட்டி என்று பேர் விழுந்தது.

"அடியே எலைக்கூட்டி, மொதல்ல போய்க் காத்தை நிறுத்தச் சொல்லு, பொறகு கூட்டலாம்" என்பாள் மூன்றாம் காம்பிராப் பேச்சாயி. அவளுக்கு வாய் நீளம், மனசு நல்ல மனசு.

"காத்து அது வேலையப் பாக்குது. நான் என் வேலையப் பாக்குறேன். நீ ஒன் வேலையப் பாரு."

"எலை எல்லாம் கொட்டி முடியட்டுமே. ஒரேயடியாக் கூட்டலாமில்ல?"

"அதுக்குள்ள ஆண்டவரு வந்துட்டா?"

இதுதான் அக்காவின் பேச்சு. எதையும் வந்த பிறகு தேடக்கூடாது. வருகிறது என்று தெரிந்தால் வருவதற்கு முன்னாலேயே ஆயத்தமாக இருக்கவேண்டும். தேவனுடைய காரியத்தில் மட்டுமல்ல, எல்லாவற்றிலும் அவர் அப்படி. வெட்டு நிறுத்தின நாட்களில் நாங்கள் பால் கத்தியைக் கூரையில் செருகிவிட்டு மறந்துபோவோம். அக்கா வாரத்துக்கு ஒருதரம் கத்தியைத் தீட்டுவார். தன் பங்கு மரங்களின் சிரட்டைகளை எல்லாம் கழற்றி, ஒட்டின பாலை உரித்து, சாம்பல் போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைப்பார். "நாளைக்கு வெட்டு" என்று காலையில் ஆளெடுக்கும் பெரட்டில் கணக்கப்பிள்ளை சொன்னதும் நாங்கள் வாளியைத் தேடி, கத்தியைத் தேடி, சிரட்டையைத் தேடி ஓடுவோம். அக்கா வெற்றிலை போட்டுக்கொண்டு எங்களைப் பார்ப்பார். அந்தப் பார்வையைத் தாங்குவது கஷ்டம்.

அவருக்கு அடுத்த காம்பிராவில் வாழ்ந்ததும் சுலபம் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை எட்டு மணிக்கென்றால் ஐந்து மணிக்கே எங்கள் கதவைத் தட்டுவார். "கர்த்தர் ஏழு அம்பத்தஞ்சுக்குத்தான் வருவாருன்னு ஒனக்குக் கடுதாசி போட்டாரா?" என்று கேட்பார். தன் வெளக்குமாற்றை ஒருவருக்கும் இரவல் கொடுக்கமாட்டார். என் பெண்சாதி ஒருதரம் கேட்காமல் எடுத்துவிட்டு இரண்டு நாள் பேச்சு வாங்கினாள்.

மாதத்துக்கு ஒருமுறை மாத்தளையிலிருந்து போதகர் ஐயா வருவார். நல்ல மனிதர், படிக்க வெளியூர் எல்லாம் போனவர். ஒரு லெந்தில் பிரசங்கம் செய்தபோது, உறைபனி பெய்கிற தேசங்களைப் பற்றிச் சொன்னார். அங்கே மாதக்கணக்கில் மரங்கள் இலையில்லாமல் நிற்குமாம், நிலம் கல்லைப்போல் இறுகுமாம், பிறகு வசந்தம் வந்து எல்லாம் துளிர்க்குமாம், அது நம் ஆண்டவர் உயிர்த்தெழுந்ததற்கு அடையாளமாம். "நம்முடைய நாட்டில் அந்தக் காட்சியைப் பார்க்க நமக்குக் கொடுத்துவைக்கவில்லை" என்று வருத்தப்பட்டார்.

ஆராதனை முடிந்து ஐயா வாசலில் நிற்கும்போது அக்கா போனார்.

"ஐயா, ஒரு எட்டு எங்கூட வாங்க."

ஐயாவைக் கையைப் பிடிக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு நான்காம் மலைக்கு ஏறினார். நாங்களும் பின்னால் போனோம். மலை முழுக்கக் குச்சியாக நின்றது. அக்கா ஒரு மரத்தடியில் நின்று அண்ணாந்து காட்டினார்.

"கொடுத்துவைக்கலைன்னு சொல்லாதீங்கய்யா. இதுக்கு வெள்ளைக்காரன் வின்டரிங்னு பேரு வச்சிருக்கான். தோட்டத்துக் கண்டக்டரய்யா சொல்லித்தான் எங்களுக்கே தெரியும். அவன் ஊர்ல பாத்தத இங்க பாத்துத்தானே அந்தப் பேர வச்சிருப்பான்?"

ஐயாவும் அண்ணாந்து பார்த்தார். பிறகு, "அம்மா, அடுத்த வருசம் இந்தப் பிரசங்கத்தை நீங்களே செய்யலாம்" என்றார். அக்காவுக்கு வெட்கம் வந்து நான் பார்த்தது அந்த ஒருதரம்தான்.

மாத்தளை அம்மன் கோயில் தேர்த் திருவிழாவும் அந்த நாட்களில்தான் வரும். தேர் பார்த்துவிட்டு வந்த பேச்சாயி ஒருநாள், "எங்க ஆத்தா தேரேறி, டவுனைச் சுத்தி, எறங்கியும் ஆச்சு. ஒங்க சாமி இன்னுமா எந்திரிக்கல?" என்றாள்.

"எந்திரிச்சு ரொம்ப நாளாச்சு. நீதான் இன்னும் தூங்குற."

பேச்சாயி விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் தன்னுடைய வெளக்குமாற்றோடு அவளும் கல்லறைத் தோட்டத்தில் நின்றாள். "ஒங்க சாமிக்கு இல்ல. இவ இடுப்பு ஒடிஞ்சு விழுந்தா நான்தானே தூக்கணும்" என்றாள்.

என் மனைவி முதல் பிள்ளையைச் சுமந்தபோது, எட்டாம் மாதமே அக்கா பழைய வேட்டியைக் கிழித்து வெந்நீரில் அவித்துக் காயவைத்துவிட்டார். விறகு அடுக்கினார். புதுப் பிளேடு வாங்கிச் சட்டியில் மூடி வைத்தார். முன்னாலேயே எடுத்துவைப்பது ஆகாது, பிள்ளைக்குக் கேடு என்று பேச்சாயி சண்டை பிடித்தாள். பிள்ளை மூன்று வாரம் முந்திக்கொண்டது. ஒரு சாயங்கால மழையில், மருத்துவச்சி வந்து சேர்வதற்குள் பிறந்துவிட்டாள். எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. கிருபை என்று பேர் வைத்தோம்.

எட்டு மாதம் இருந்தாள். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டாள். சாவுக்கு மட்டும் அக்கா எதையும் ஆயத்தமாக வைத்திருக்கவில்லை. ஈஸ்டருக்கு உடுத்த வெளுத்து மடித்து வைத்திருந்த வெள்ளைச் சேலையைக் கிழித்துத்தான் பிள்ளையைச் சுற்றினார்.

அந்த லெந்தில் அவர் எங்கள் பிள்ளையின் மேட்டைக் கூட்டுவதைப் பார்த்து எனக்குக் கோபம் வந்தது. "விடுங்கக்கா. எலைதானே, அவளுக்குக் குளிராது" என்றேன். கசப்பில் சொன்னதுதான். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஒன் புள்ளைக்கு நீ வாசல் கூட்டமாட்டேன்னா நான் கூட்டுறேன்" என்று சொல்லிக் கூட்டினார். மறுநாள் நான் அங்கே போகவில்லை. அதற்கு மறுநாள் போனேன். கொஞ்ச நேரம் கூட நின்று, சருகை அள்ளிக் கூடையில் போட்டுக் கொடுத்தேன். எனக்குள் இருந்த ஏதோ ஒன்று அப்படித்தான் மெதுவாக இளகிற்று. தேவனுக்கே ஸ்தோத்திரம்.

மொத்தம் முப்பத்தொரு மேடு. முப்பதில் ஆட்கள் இருந்தார்கள். ஆகக் கீழே, கிருபையின் பக்கத்தில் இருந்த முப்பத்தோராவது மேட்டில் யாரும் இல்லை. அது அக்கா தன் புருசனுக்காகப் போட்டது. நான் அந்தத் தோட்டத்துக்கு வருவதற்கு முன்னாலேயே அவர் தூரத்து ஆஸ்பத்திரி ஒன்றில் இறந்துபோனார். மழையில் பாதை உடைந்து செய்தி பிந்தித்தான் வந்தது. அக்கா போய்ச் சேருமுன் அங்கேயே அடக்கம் முடிந்திருந்தது. எந்த இடம் என்று காட்ட ஆள் இல்லை. திரும்பி வந்த அக்கா ஒருவரிடமும் கேட்காமல், நாலு கூடை மண் சுமந்து அந்த மேட்டைப் போட்டார். லயத்தில் எல்லாருக்கும் இது தெரியும். ஒருவரும் பேசுவதில்லை.

இனி அந்த வருசத்துக்கு வருகிறேன்.

அந்த வருசம் இலை வழக்கம்போல் கொட்டியது, தளிரும் வழக்கம்போல் வந்தது. ஆனால் காலையில் மூடுபனி விடாமல் இறங்கியது. சிவப்புத் தளிரின்மேல் மாவு தூவினமாதிரி வெள்ளைப் பூஞ்சணம் பிடித்தது. கந்தகத் தூள் அடித்தார்கள், பிந்திவிட்டது. தளிர் சுருங்கி, கறுத்து, இரண்டாம் தடவையும் கொட்டிற்று. முதலில் விழுவது காய்ந்த இலை, அதற்குச் சத்தம் உண்டு. இது பச்சைக் குழந்தை இலை. சத்தமே இல்லாமல் விழுந்தது. பங்குனி முடிகிறது, ஈஸ்டர் நெருங்குகிறது, நான்காம் மலை குச்சியாகவே நிற்கிறது. அக்கா அதையும் கூட்டினார். அந்த நாட்களில் அவரைப் பார்த்து ஒருவரும் சிரிக்கவில்லை.

ஏற்கெனவே அந்த மலையில் கிழட்டு மரங்கள். இதுவும் சேர்ந்ததும், மரங்களைப் பிடுங்கிப் புதுக்கன்று நடுவதென்று முடிவாயிற்று. சரிவைப் படிகளாக வெட்டி மண்ணைப் புரட்டுவார்கள். வெளிவேலைக்குப் பொறுப்பான கண்டக்டரய்யா எல்லைக்கு முளைக்குச்சி அடித்துக்கொண்டு வந்தார். கல்லறைத் தோட்டத்தின் நடுவாலே முளை போயிற்று. அவருடைய வரைபடத்தில் மேல் பாதிதான் கல்லறை. கீழே இருந்த பன்னிரண்டு மேடுகள் அதில் இல்லவே இல்லை. கிருபையின் மேடு அந்தப் பன்னிரண்டில் ஒன்று.

என் மனைவி அன்றிலிருந்து சாப்பிடவில்லை. "புள்ளைய மம்பட்டியால வெட்டிப் போடுவாங்களா?" என்று ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டாள்.

கணக்கப்பிள்ளை இந்து, ஆனால் எங்களுக்காகத் தோட்டத்து மேலதிகாரியான துரையிடம் போய் நின்றார். துரை புதிது, தென்பக்கத்துச் சிங்களவர், கறாரானவர், கெட்டவர் அல்ல. "ஆள் இருக்கும் இடத்தைத் தொடமாட்டேன். ஆள் இல்லாத இடத்தை விடவும் மாட்டேன். சனிக்கிழமை வந்து பார்க்கிறேன். எந்த மேட்டில் யார் என்று காட்டட்டும்" என்று சொல்லியனுப்பினார். அந்தச் சனிக்கிழமை பெரிய வெள்ளிக்கு மறுநாள்.

எனக்கு ஒரே பயம்தான். ஆகக் கீழ் மேட்டில் ஆள் இல்லை என்று துரைக்குத் தெரிந்தால், பக்கத்து மேட்டையும் நம்பமாட்டார். ஒன்று பொய் என்றால் பன்னிரண்டும் பொய் என்றுதானே நினைப்பார்? பெரிய வெள்ளி ஆராதனை முடிந்த கையோடு அக்காவிடம் போனேன். வெளக்குமாற்றை அவிழ்த்துப் புது ஈர்க்கு வைத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா, நாளைக்குத் தொரை கேட்டா அண்ணன் பேரச் சொல்லிருங்க."

"புருசன் பேர நான் எப்படிச் சொல்றது?"

எங்கள் பக்கத்துப் பெண்கள் புருசன் பேரை வாயால் சொல்லமாட்டார்கள். அது எனக்கு மறந்துபோயிற்று.

"சரி, வேற யாராச்சும் சொல்லட்டும். நீங்க சும்மா மட்டும் இருங்கக்கா. அவரு நெனப்பாத்தானே மேடு போட்டீங்க? அதுல பொய் என்ன இருக்கு?"

அக்கா கயிற்றைப் பல்லால் இறுக்கி முடிச்சுப் போட்டார். "போய் அவளுக்குக் கஞ்சி குடு தம்பி. காலையில வெள்ளனக் கூட்டணும்" என்றார். நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை லயமே கல்லறைத் தோட்டத்தில் நின்றது, இந்துக்களும் சேர்த்து. தரையில் ஒரு சருகு இல்லை. முப்பத்தொரு மேடும் துடைத்து வைத்தமாதிரி தெரிந்தன. துரை வந்து பார்த்ததும், "யார் கிளீன் பண்ணினது?" என்றார். எல்லாரும் அக்காவைப் பார்த்தோம். "சரி, நீ சொல்லு" என்றார். கண்டக்டரய்யா பென்சிலோடு பின்னால் வந்தார்.

அக்கா மேலிருந்து தொடங்கினார்.

"இது ஞானமுத்துக் கங்காணிங்க, பாம்பு தீண்டிச்சு. இது அவரு சம்சாரம், பக்கத்துலயே போடச் சொல்லிட்டுத்தான் கண்ண மூடுச்சு. இது பேரு வைக்கிறதுக்கு முந்திப் போன புள்ள, இவங்க மகன். இது பாக்கியம், நல்லாப் பாடும். இது சாமுவேலு, குடிகாரன்தான், ஆனா யாரு வீட்டுச் சாவுன்னாலும் குழி வெட்ட மொத ஆளா நிப்பான்…"

எழுதின தாள் ஒன்றும் கையில் கிடையாது. ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. சொந்தக்காரர்கள் மறந்துபோன பேரெல்லாம் அவர் வாயிலிருந்து வந்தது. ஒவ்வொரு வருசமும் நாற்பது நாள் அவர் வெறும் இலையை மட்டும் கூட்டவில்லை என்று அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வரைபடத்தில் இல்லாத கீழ்ப் பாதிக்கு வந்தார். அங்கேயும் அப்படித்தான். கடைசியில் எங்கள் பிள்ளையிடம் வந்து நின்றார்.

"இது கிருபை. எட்டு மாசம். கீழ ரெண்டு பல்லு வந்திருந்துச்சு."

அந்தப் பல்லை நானே மறந்திருந்தேன். என் மனைவி சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"இது?" என்று துரை கடைசி மேட்டைக் காட்டினார்.

"அது அவங்க வீட்டுக்காரருங்க" என்று கணக்கப்பிள்ளை முந்திக்கொண்டு, பேரையும் சொன்னார். பொய் சொல்லாத மனிதர், எங்களுக்காகச் சொன்னார். கண்டக்டரய்யா எழுதினார். "முப்பத்தொண்ணு. சரி" என்று துரை திரும்பி நடந்தார். எனக்கு மூச்சு வந்தது.

"தொரைங்க."

அக்காவின் குரல். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கடைசியா எழுதினத அடிச்சிருங்க. அந்த மேடு நானாப் போட்டது. அவரு இங்க இல்லீங்க."

துரை திரும்பி வந்தார்.

"உள்ளே ஆள் இல்லையா?"

"இல்லீங்க."

"அப்ப மத்ததும் இப்படித்தானா?"

"பொய் சொல்றதா இருந்தா இதையும் சேத்தே சொல்லிட்டுப் போயிருப்பேனுங்களே. அந்த முப்பதும் நெசமுங்க. இது மட்டும் வெறும் மண்ணு."

"ஆள் இல்லாம எதுக்கு மேடு? எதுக்குக் கூட்டுறது?"

அக்கா அதற்கும் யோசிக்கவில்லை. "எங்க ஆண்டவரு வர்ற அன்னைக்கு எல்லாரும் எந்திரிப்பாங்க தொரைங்க. எங்க வீட்டுக்காரரு எந்த ஊர்ல எந்திரிச்சாலும் எங்களத் தேடிக்கிட்டு இந்த மலைக்குத்தானே வருவாரு? வந்து நிக்க ஒரு எடம் வேணுமில்லீங்களா?"

துரை அண்ணாந்து இலையில்லாத மரங்களைப் பார்த்தார், பிறகு கீழே மேடுகளைப் பார்த்தார். கண்டக்டரய்யாவிடம் சிங்களத்தில் சொன்னார். எங்களுக்கெல்லாம் சிங்களம் விளங்கும். முப்பதையும் விட்டுவிடு, இந்தப் பொம்பளை சொன்னது போதும், முப்பதுக்கு வெளியே முளை அடி என்றார். முப்பத்தொன்று என்று சொல்லவில்லை. அவர் சொன்ன சொல்லில் அவரும் நின்றார்.

கிருபையின் மேட்டுக்கும் அக்காவின் மேட்டுக்கும் நடுவில் முளை இறங்கிற்று.

என் மனைவி ஓடிப்போய் அக்காவைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் போகவில்லை. எந்த முகத்தோடு போவது? சும்மா இருங்கள் என்று முந்தின நாள் சொன்ன வாய் என்னுடையது.

அன்று மத்தியானமே அக்கா மம்பட்டி எடுத்துக்கொண்டு இறங்கினார். கூலிக்கு வருகிறவன் வெட்டுவதற்கு முன்னால் தானே அந்த மேட்டைக் கரைக்கத் தொடங்கினார்.

"ஒனக்குப் பைத்தியமாடி?" என்று பேச்சாயி கத்தினாள். "வாயை மூடிக்கிட்டு நின்னிருந்தா எல்லாம் தப்பிச்சிருக்கும்ல?"

"தப்பிச்சிருக்கும். நாளைக்கு விடியக்காலம் இங்க நின்னு உயிர்த்தெழுந்தார்னு பாடணுமே. அந்த வாயால எப்படிப் பாடுறது?"

நான் போய் மம்பட்டியைக் கேட்டேன். தரவில்லை. "கூடையை எடு" என்றார். அவர் வெட்ட வெட்ட நான் சுமந்தேன். அந்த மண்ணை எங்கே போடுவது என்று நின்றபோது, கிருபையின் மேட்டைக் காட்டினார். "போன மழையில கரைஞ்சு போயிருக்கு பாரு. நல்ல மண்ணு, வீணாக்காத."

இது நடந்து வெகுகாலம் ஆகிவிட்டது. இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தப்படி இந்தியாவுக்குப் போக எழுதிக்கொடுத்தவர்களில், வேறு தோட்டத்தில் கட்டிக்கொடுத்திருந்த அக்காவின் மகள் குடும்பமும் இருந்தது. அக்காவும் அவர்களோடு கப்பலேறிவிட்டார். முதலில் இரண்டு கடுதாசி வந்தது, பிறகு இல்லை. அந்த நான்காம் மலையில் இப்போது புது மரங்கள். அவையும் மாசியில் கொட்டுகின்றன, பங்குனியில் சிவக்கின்றன. கன்று நட வெட்டின படிகளெல்லாம் கல்லறைத் தோட்டத்தண்டை வந்து வளைந்து போகின்றன. புதிதாக வருகிறவர்கள் அதைப் பார்த்து ஏன் இந்த வளைவு என்று கேட்டால், நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன். எங்கள் தோட்டத்தில் அப்படி ஒரு மனுசி இருந்தார் என்பேன்.

அந்த ஈஸ்டரைச் சொல்லி முடிக்கிறேன். விடியுமுன் நாங்கள் விளக்குப் பிடித்துக்கொண்டு பாடிப் போனோம். போதகர் ஐயா முன்னால் போனார். எந்த வருசமும் அந்த நேரத்தில் தலைக்குமேல் பச்சை மூடியிருக்கும், சூரியன் எழும்புவது எங்களுக்குத் தெரியாது. வெளுத்த பிறகுதான் விடிந்தது என்று அறிவோம். அந்த வருசம் ஒரு இலை இல்லை. பாட்டின் பாதியில் மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் ஏறினது முழுசாகத் தெரிந்தது. குச்சிகளுக்கு நடுவாலே வெயில் நேரே இறங்கி முப்பது மேட்டிலும் ஒன்றாக விழுந்தது. பாடிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அக்கா மட்டும் நிறுத்தாமல், தன் கட்டைக் குரலில், ராகம் தப்பித் தப்பிப் பாடிக்கொண்டே நின்றார்.

கூட்டம் கலையும்போது என் மனைவி, முளைக்கு அப்பால் மட்டமாகக் கிடந்த மண்ணைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, அண்ணன் வந்தா இப்ப எடம் எப்படித் தெரியும்?"

"அவரு எப்பவும் பிந்தித்தான் எந்திரிப்பாரு புள்ள" என்றார் அக்கா. "நான் முன்னாடியே எந்திரிச்சு வழியில நிப்பேன்."